இல்லாத சிலிண்டர்

பிசைந்து வைத்த மாவுக்கு லைசென்ஸ் பற்றி ஒன்றும் தெரியாது. இனிமேல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போன பிறகும் அது தன் பாட்டுக்கு உப்பிக்கொண்டே இருந்தது. ஒரு வாரமாகவே வானம் இருட்டிக்கொண்டு வருவதும், எல்லோரும் ஓடிப்போய்க் கொடியிலிருந்து துணிகளை எடுத்ததும் கலைந்துவிடுவதுமாக ஊரை ஏய்த்துக்கொண்டிருந்தது. ஒரு பொட்டுக் காற்று இல்லை. அந்தப் புழுக்கத்தில் மனுஷர்களுக்குத்தான் கஷ்டம், ஈஸ்ட்டுக்குக் கொண்டாட்டம். மாவு மரத்தொட்டியின் விளிம்பைத் தாண்டியதும் ரொட்டிக்கடைக்காரர் சிலிண்டர் அதை முஷ்டியால் குத்தி அமுக்கினார். புஸ்ஸென்று அடங்கி, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுந்து வந்தது.

"விடுங்களேன் அதை. குத்திக் குத்தி என்ன ஆகப்போவுது?" என்றாள் மனைவி.

"கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"கை சும்மா இல்லேன்னா விறக அடுக்குங்க."

"எதுக்கு அடுக்கறது? பத்த வைக்கவா போறோம்?"

சிலிண்டர் என்பது அவருடைய சொந்தப் பேர் இல்லை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பேரைச் சொல்லி வழி கேட்டால் பக்கத்துத் தெருக்காரன்கூட உதட்டைப் பிதுக்குவான். சிலிண்டர் கடை என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விடுவான். இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தக் கடையில் சிலிண்டரே கிடையாது. என்றைக்குமே இருந்ததில்லை. விறகடுப்பு. செங்கல்லை வளைத்துக் கட்டிய பெரிய அடுப்பு. அதன் வயிற்றுக்குள்ளேயே விறகை எரித்து, தணலை வாரி வெளியே போட்டு, தரையை ஈரச் சாக்கால் துடைத்து, ஒரு சிட்டிகை மாவை உள்ளே விசிறிப் பார்ப்பார். மாவு உடனே கருகினால் சூடு அதிகம். மெதுவாகப் பழுப்பாக மாறினால் நீளத் துடுப்பால் ரொட்டியை உள்ளே தள்ளலாம். இதில் கேஸுக்கு எங்கே வேலை?

சண்டை நடந்த காலத்தில் ஒரு பகலில், ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள்மேல் ஒரு விமானம் வந்து குண்டு போட்டது. அடுத்த நாட்டு விமானம் இல்லை. நம்மைக் காப்பாற்றத்தான் பறக்கிறது என்று நம்மிடமே சொல்லப்பட்ட விமானம். வரிசையில் நின்றவர்கள் பாதிப் பேர் போய்விட்டார்கள். கடை வாசலில் ரொட்டியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த இவருடைய தம்பியும் போனான். அன்று சாயங்காலமே ரேடியோ பேசியது. பேக்கரி ஒன்றில் எரிவாயு சிலிண்டர் வெடித்துப் பொதுமக்கள் பலி, உரிமையாளரின் கவனக்குறைவே காரணம். சண்டை முடிந்தபின் விசாரணைக் கமிஷன் ஒன்று உட்கார்ந்தது. நன்றாகத்தான் உட்கார்ந்தது. எழுந்து போகும்போது ரேடியோ சொன்ன அதே வாக்கியத்தைக் கெட்டி அட்டை போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிற்று. அப்புறம் அது பள்ளிக்கூடப் புத்தகத்திலும் ஏறிவிட்டது.

அவர் ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்று கேட்பவர்கள் அந்தக் காலத்தில் வேறு எங்கேயோ சௌகரியமாக இருந்தவர்களாக இருக்க வேண்டும். சண்டையின்போது பேசினால் பேசியவன் இருக்க மாட்டான். சண்டை முடிந்தபின் கேட்கிறவன் இல்லை. தப்பித்தவர்களில் பலர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். இருந்தவர்கள் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள். போகட்டும், நம்ம தெருவுக்குத் தெரியுமே என்று இவர் இருந்துவிட்டார். முக்கியமாக, எதிர்க்கடை டெய்லருக்குத் தெரியும். டெய்லரின் மனைவியும் அந்த வரிசையில் நின்றவள்தான். கடையைத் திரும்பக் கட்டித் திறந்த அன்றைக்கு ஒரு குருவிகூட எட்டிப் பார்க்காத நேரத்தில், கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு தெருவைக் கடந்து வந்து முதல் ரொட்டியை வாங்கியவர் அந்த டெய்லர்தான். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கும் கால் வந்தது. ஊர் என்ன பேர் வைத்துக் கூப்பிட்டாலும், டெய்லர் அண்ணன் தினமும் வந்து ஒரு ரொட்டியும் இரண்டு பன்னும் வாங்கிக்கொண்டு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவரைக்கும் தான் மனுஷன்தான் என்று இவருக்கு ஒரு தெம்பு இருந்தது.

காலையில் வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆறியிருக்கலாம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க வந்தவர், கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "வாசனை தெருமுனைக்கே வருதுங்க" என்று மனதாரச் சொன்னார். இத்தனை நாள் தற்காலிக அனுமதியிலேயே கடை ஓடிக்கொண்டிருந்தது. இனித் தற்காலிகம் என்ற பேச்சே கிடையாது, எல்லோரும் நிரந்தர லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அவரும் அடுப்பைப் பார்த்தார், புகைக்கூண்டைப் பார்த்தார், மாவு மூட்டைகளைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் திருப்தி. பிறகு கையிலிருந்த ஃபைலைப் புரட்டினார்.

"ஐயா, சிலிண்டர் எங்க?"

"நான்தாங்க."

கல்லாவில் நின்ற மகள் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அது இல்லீங்க. கேஸ் சிலிண்டர்."

"அது இங்க கிடையாதுங்க. விறகடுப்புதான்."

"இப்ப இல்ல, சரி. அப்ப இருந்துச்சுல்ல? அதை அகற்றிட்டதா ஃபைல்ல எங்கயுமே இல்லையே."

"அப்பவும் இல்லீங்க."

"வெடிச்சிருக்குன்னு போட்டிருக்கே."

"வெடிச்சது குண்டுங்க. மேல இருந்து போட்டது."

அதிகாரி ஒரு தடவை வாசலைப் பார்த்துக்கொண்டார். குரல் தானாக இறங்கியது. "ஐயா, எங்கிட்ட சொன்னது எங்கிட்டயே இருக்கட்டும். கமிஷன் சொன்னத மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. எங்க ஆபீசருக்கும் இல்ல. ஃபைல்படி இங்க சிலிண்டர் வெடிச்சிருக்கு. வெடிச்ச இடத்துக்கு லைசென்ஸ் குடுக்கணும்னா சிலிண்டரை அகற்றியாச்சுன்னு போட்டோ வேணும்."

"இல்லாதத எப்படிங்க அகற்றுறது?"

"அதுக்குத்தான் சொல்றேன். ஒண்ணு கொண்டு வாங்க. உள்ள வைங்க. நாளைக்கு நான் வர்றேன். என் கண்ணு முன்னாடி வெளிய தூக்கிட்டு வாங்க, போட்டோ எடுத்துக்கறேன். 'எங்கள் கவனக்குறைவால் நடந்தது, இனி நடக்காது'ன்னு கீழ ஒரு வரி, ஒரு கையெழுத்து. மத்தியானமே நீங்க அடுப்பப் பத்த வச்சிடலாம். அதுவரைக்கும் மட்டும் வேண்டாம்."

உதவி செய்கிறோம் என்ற நிறைவோடு அவர் போய்விட்டார். மாவுதான் இங்கே கிடந்து எழுந்துகொண்டிருந்தது.

"ஒரு பொய்யச் சொல்லித் தொலைங்களேன்ப்பா" என்றாள் மகள். கடையை இப்போது நடத்துகிறவள் அவள்தான். மாவுக்காரனோடு சண்டை போடுவதும் அவள்தான், பாக்கி வைத்தவன் வீட்டு வாசலில் போய் நிற்பதும் அவள்தான். "நாளைக்கும் கடை தெறக்கலேன்னா ஓட்டல்காரங்க வேற எடத்துல வாங்கப் பழகிடுவாங்க. அப்புறம் தலைகீழா நின்னாலும் வர மாட்டாங்க. மூணு பேரும் என்ன பண்றது?"

"அதுக்காக நாமதான் கொன்னோம்னு எழுதிக் குடுக்கறதா?" என்றாள் தாய்.

"ஏற்கெனவே எழுதியாச்சும்மா. புத்தகத்துலயே இருக்கு. அந்தப் பக்கத்த வகுப்புல எழுந்து நின்னு சத்தமா வாசிச்சவ நான். டீச்சர் என்னைத்தான் வாசிக்கச் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் ஆயிடல."

"ஆகலையா? வந்து ரெண்டு நாளு சோத்தத் தொடல நீ. கேட்டா வயித்து வலின்னே."

மகள் கல்லா மேஜையில் ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

சிலிண்டர் எழுந்தார், உட்கார்ந்தார், பின்கட்டுக்குப் போய் வந்தார். கொல்லைக் கதவைத் திறந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். மனைவிக்கு அது தெரியும். அவருக்குக் கேஸ் வாடை வந்துவிட்டது. வீட்டில் கேஸ் அடுப்பே வாங்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்து, அவளைக் கரண்ட் அடுப்போடு மாரடிக்க விட்டவர் அவர். அப்படியும் அவருக்கு அவ்வப்போது வாடை வரும். இல்லாத குமிழை மூடுவதற்கு எழுந்து போவார்.

திரும்பி வந்து மாவுத்தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஏய், ஒண்ணு கேக்கறேன், கோவப்படாத."

"கேளுங்க."

"அப்ப விறகு கிடைக்காமத் திண்டாடினோம்ல. தம்பி ஏதாச்சும்... எனக்குத் தெரியாம ஒரு சிலிண்டரக் கொண்டு வந்து வச்சிருப்பானோ?"

அவள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "வாயக் கழுவுங்க! செத்தவன் தலையிலயா போடுறீங்க? அவன் என் கையால சாப்ட்டுட்டுப் போனவன். அவன் எதை எங்க வச்சான்னு எனக்குத் தெரியாதா?"

"இல்ல, ஒருவேள..."

"என்ன ஒருவேள? அன்னிக்கு எல்லாம் முடிஞ்சு, புகை அடங்கி, நீங்க அடுப்பத் தெறந்தீங்களே, உள்ள என்ன இருந்துச்சு?"

"ரொட்டி."

"எப்படி இருந்துச்சு?"

"பதமா வெந்திருந்துச்சு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒண்ணுகூடக் கருகல."

"கூரை போச்சு, முன்சுவர் போச்சு, அடுப்புல ஒரு கல்லு அசையல. இதப் பாத்த மனுஷன் நீங்களே இப்படிக் கேட்டா, அந்த ஆபீசர் ஏன் கேக்க மாட்டாரு?"

அவளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. ரேடியோ சொன்னதை ஊர் நம்பட்டும், உலகம் நம்பட்டும். இந்த மனுஷனே நம்ப ஆரம்பித்துவிட்டால் அப்புறம் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. மாவு புளித்து நெடி அடிக்க ஆரம்பித்திருந்தது. அதை வாளி வாளியாக அள்ளிக் கொல்லைக் குழியில் கொட்டினார்கள். கொட்டின இடத்திலும் அது சும்மா கிடக்கவில்லை.

மறுநாள் காலை டீக்கடையிலிருந்து ஒரு காலிச் சிலிண்டரை இரவல் வாங்கி மகள் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். தெருவுக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்குமா? "அடேயப்பா, சிலிண்டர் கடைக்குக் கடைசியா சிலிண்டர் வந்துடுச்சுடா!" என்று இஸ்திரிக்காரர் கத்தினார். எதிர்க்கடையில் தையல் மெஷின் நின்றது. டெய்லர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு மறுபடி மெஷினை மிதித்தார்.

அதிகாரி சொன்னபடி வந்தார். சிலிண்டர் உள்ளே போயிற்று. அந்தக் கடை கட்டிய நாளிலிருந்து உள்ளே நுழைந்த முதல் சிலிண்டர் அது.

"எந்த இடத்துல இருந்துச்சு?" என்று கேட்டார் அதிகாரி, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"சும்மா ஒரு இடத்தச் சொல்லுங்க."

"இங்க வைக்கலாமா?" மகள் அடுப்பின் வலப்பக்கம் உருட்டினாள்.

"அங்க வச்சா துடுப்பு இடிக்கும்" என்றார் சிலிண்டர்.

"சரி, இந்தப் பக்கம்."

"அங்க தணல் வாரிப் போடற இடம். எவனாவது அங்க வைப்பானா? அறிவு கெட்டவன்கூட வைக்க மாட்டான்."

"அப்பா! சும்மா போட்டோவுக்குத்தான்ப்பா."

கடைசியில் மாவு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்தார்கள். பிறகு கடைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வாசல் படியில் இறங்குவதுபோல ஒரு படம். "சிரிக்காதீங்க" என்றார் அதிகாரி. யாரும் சிரிக்கவில்லை. வெளியே தெருவில் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. வானம் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது, இந்தத் தடவை துணி எடுக்க யாரும் ஓடவில்லை.

அதிகாரி காகிதத்தைக் கல்லா மேஜைமேல் விரித்துப் பேனாவை நீட்டினார். சிலிண்டர் வாங்கிக்கொண்டார். எங்கள் கவனக்குறைவால் என்ற வரி டைப் அடித்துத் தயாராக இருந்தது. பேனா காகிதத்தின்மேல் போய் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அவருக்கு நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.

"யோசிக்காதீங்க ஐயா" என்றார் அதிகாரி மெதுவாக. "யோசிச்சா போட முடியாது."

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டெய்லர் உள்ளே வந்தார். கழுத்தில் டேப், சட்டை முழுக்க நூல். வந்தவர் காகிதத்தை எட்டிப் பார்த்தார். சிலிண்டரின் தோளில் கை வைத்தார்.

"போட்டுடு தம்பி. இதுல என்ன இருக்கு? நான்தான் உன்ன எப்பவோ மன்னிச்சாச்சே."

சிலிண்டர் நிமிர்ந்தார். "என்னண்ணே சொன்னீங்க?"

"மன்னிச்சாச்சுன்னேன். நீ என்ன வேணும்னா பண்ணே? விறகு கிடைக்காத காலம், கேஸ்ல சுட்டிருப்பே. அசந்த நேரத்துல ட்யூப் கழண்டிருக்கும். யாருக்கும் நடக்கறதுதான். முதல்ல கொஞ்ச நாளு உன்னை வெட்டிப் போட்டுடணும்னுகூட இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் யோசிச்சேன். அவன் தம்பியும்தானே போனான்னு. நீ கடை தெறந்த அன்னிக்கு மனசக் கல்லாக்கிக்கிட்டு வந்து ரொட்டி வாங்கினேன். அதோட விட்டாச்சு. இவ்வளவு நாள் கழிச்சு நீ ஏன் மனசப் போட்டு அலட்டிக்கறே?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஊர் முழுக்கச் சேர்ந்து செய்த கேலி அவரை இந்த மாதிரி அடித்ததில்லை. உண்மை தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பித்தான் அவர் இத்தனை காலம் தலை நிமிர்ந்து ரொட்டி நீட்டினார். வாங்கிக்கொண்ட கையோ ஒவ்வொரு நாளும் அவரை மன்னித்துவிட்டு வாங்கியிருக்கிறது.

"அண்ணே, அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"ஊர்லயே இல்லையே. துணி எடுக்கப் போன எடத்துல ரோட்ட அடைச்சுட்டாங்க. வந்து சேர்றதுக்குள்ள எல்லாத்தையும் அள்ளிப் பொதைச்சாச்சு. நான் ரேடியோலதான் கேட்டேன்."

"தெருவுல யாருமே சொல்லலையா?"

"என்னத்தச் சொல்லுவாங்க? நான் வந்தாலே பேச்ச நிறுத்திடுவாங்க, பாவம்னு. நீயும்தான் ஒரு நாளும் வாயத் தெறக்கல."

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சுட்டேண்ணே."

"எது?"

அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார். "அண்ணே, அன்னிக்கு நாங்க கேஸ்ல சுடல. உங்க துணி வெட்டற மேஜையில சுட்டோம்."

டெய்லர் விளங்காமல் பார்த்தார். "அத எவனோ திருடிட்டுப் போயிட்டான்னு..."

"எவனும் திருடல. விறகு இல்ல, இன்னிக்கு ரொட்டி இல்லேன்னு நான் சொன்னேன். அண்ணிதான் மேஜைக் கால ஒடிச்சு, பலகையத் தலையில வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. அவரு கேட்டா கத்துவாரு, நான் பாத்துக்கறேன்னாங்க. சிரிச்சாங்க. நல்ல கட்டைண்ணே, நின்னு எரிஞ்சுது. முதல் ரொட்டி உங்களுக்குத்தான்னு சொன்னேன். இல்ல, வரிசையிலயே வர்றேன்னு போய் நின்னுட்டாங்க. தம்பி ரொட்டி எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தான், அப்பதான் சத்தம் கேட்டுச்சு. எல்லாரும் மேல பாத்தாங்க. நானும் கொல்லைப் பக்கமா வந்து பாத்தேன். தாழத்தான் பறந்துச்சு. வால்ல நம்ம கொடி."

"ஐயா, வேண்டாம்" என்றார் அதிகாரி. "வெளிய ஆள் நிக்கிறாங்க."

"நிக்கட்டும் சார்." அவர் காகிதத்தை மடிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார். "இதுல நான் போட மாட்டேன். லைசென்ஸ் குடுக்காட்டிப் போங்க. அந்த அடுப்ப நான் கவனமாத்தான் பாத்துக்கிட்டேன்."

மகள் காலிச் சிலிண்டரைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து ஓட்டல்காரர்களுக்குச் சொல்ல வேண்டும், மாவு மூட்டைகளை வந்த விலைக்குத் தள்ள வேண்டும், வேறு வேலை தேட வேண்டும். ஆனாலும் அவளுக்கு அப்பாவைப் பார்க்கக் கோபம் வரவில்லை.

டெய்லர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். "சிரிச்சாளா?" என்று கேட்டார்.

"சிரிச்சாங்கண்ணே."

டெய்லர் கழுத்திலிருந்த டேப்பை உருவிக் கையில் சுற்றிக்கொண்டார்.

"அப்போ நான் இத்தனை வருஷமா யாரத் தம்பி மன்னிச்சுட்டு இருந்தேன்?"

அதிகாரி ஃபைலை அவசரமாகக் கட்டிக்கொண்டிருந்தார். டெய்லர் அவர் பக்கம் திரும்பினார்.

"சார், அதத் தெறங்க. நான் சொல்றத எழுதிக்குங்க. அன்னிக்கு வரிசையில செத்தவளோட புருஷன், நான் இன்னும் யாரையும் மன்னிக்கலேன்னு எழுதுங்க."

"ஐயா, இது லைசென்ஸ் ஃபைல். இதுல அதுக்கெல்லாம் இடம் இல்லீங்க."

"இடம் இல்லேன்னா ஓரத்துல எழுதுங்க" என்றார் டெய்லர். அதிகாரி வெளியே போக முடியாதபடி வாசலில் போய், ரொட்டிக்கு வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் இஸ்திரிக்காரரும் வந்து நின்றார்.